எட்டாம் வேற்றுமை

அன்புள்ள அக்கா,

‘நானா’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதை (மங்கா) 21 பாகங்களும் படித்து முடித்தேன். ஒரே பெயருள்ள அதன் இரண்டு நாயகிகள், நானா ஒசாகியும் நானா கொமாட்சுவும் வெறும் தோழிகள்தான் என்கிறாள் என் அறைத்தோழி. அது காதல் என்கிறேன் நான். இரண்டு மாதமாகச் சண்டை. அதை எழுதி வரைந்த ஐ யசாவா ஏதாவது பேட்டியில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாரா? சொல்லவில்லை என்றால் அது மழுப்பல்தானே? ‘சைலர் மூன்’ கார்ட்டூன் தொடரை ஆங்கிலத்தில் டப் செய்தபோது ஹருகாவையும் மிச்சிருவையும் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கினார்களே, அதுபோலத்தானே இதுவும்? அப்புறம், என் தங்கைக்கு 13 வயது. அவள் இதைப் படிக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தங்கைக்கு இப்போது வேண்டாம். போதை, கர்ப்பம் எல்லாம் வரும் கதை அது. நாலு வருஷம் போகட்டும். சைலர் மூன் விஷயத்தில் பேச ஒன்றுமில்லை. மூலத்தில் காதலர்களாக இருந்தவர்களை டப்பிங்கில் உறவுக்காரர்கள் ஆக்கினார்கள். வசனத்தை மாற்ற முடிந்தது, அந்த இருவரும் பார்த்துக்கொள்ளும் பார்வையை மாற்ற முடியவில்லை. அது அடுத்தவர் வைத்த கத்தரி. ஆசிரியர் பேசாமல் விட்டதோடு அதைச் சேர்த்துக் குழப்பாதீர்கள்.

பேட்டி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. 21 பாகம் படித்தவர் எதற்கு இன்னொருவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்கிறீர்கள்? 2009இல் யசாவா உடல்நலம் கெட்டுக் கதையை நிறுத்தினார். இன்னும் அது முடியவில்லை. முடியாத கதைக்குத் தீர்ப்பு எழுதித் தா என்று எழுதியவரையே கூண்டில் ஏற்றினால் எப்படி?

ஆசிரியரின் நோக்கம் என்கிறீர்கள். எந்த ஆசிரியர்? 1937இல் ‘ஷோஜோ நோ தோமோ’ என்ற சிறுமியர் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தது. ‘ஒதோமே நோ மினாதோ’. கன்னியர் துறைமுகம் என்று வைத்துக்கொள்ளலாம். யோகோஹாமாவில் ஒரு மிஷன் பள்ளி. புதிதாகச் சேர்ந்த மிச்சிகோவுக்கு மேல்வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் கடிதம் கொடுக்கிறார்கள். இவள் யாருக்குத் தங்கை ஆவது என்பதுதான் கதை. அந்தக் காலத்துப் பெண்கள் பள்ளிகளில் இந்த உறவுக்கு ‘எஸ்’ என்று பெயர், ‘சிஸ்டர்’ என்பதன் முதலெழுத்து. பூ, ரிப்பன், கடிதம், பொறாமை, அழுகை எல்லாம் உண்டு. படிப்பு முடிந்து கல்யாணம் ஆனால் தானாகப் போய்விடும் என்று பெரியவர்கள் விட்டுவைத்திருந்தார்கள்.

அந்தத் தொடரில் அச்சான பெயர் யசுநாரி கவாபட்டா. ஆமாம், 1968இல் நோபல் வாங்கிய அதே கவாபட்டா. ஆனால் வரைவை எழுதிக் கொடுத்தவர் ட்சுனேகோ நகசாதோ என்ற பெண். அதை வாங்கித் திருத்தித் தன் பெயரில் வெளியிட்டார் கவாபட்டா. பின்னால் இதே நகசாதோதான் அகுதாகவா என்ற ஜப்பானிய இலக்கியப் பரிசு வாங்கிய முதல் பெண். ஆக, மிச்சிகோ தன் அக்காமீது வைத்தது என்ன என்று நீங்கள் யாரிடம் பேட்டி எடுப்பீர்கள்? நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த ஆணிடமா? பெயர் போடப்படாத அந்தப் பெண்ணிடமா? படம் போட்ட ஜுன்இச்சி நகஹராவிடமா? இன்று நீங்கள் மங்காவில் பார்க்கும் பெரிய கண்களுக்கு அவர் வரைந்த பெண்களின் கண்கள் முன்னோடி. மூன்று பேரும் மூன்று பதில் சொன்னால் என்ன செய்வீர்கள், சராசரி எடுப்பீர்களா?

இந்த வகைக் கதைகளுக்கே தாய் என்று சொல்லத்தக்க நொபுகோ யோஷியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1916இல் பூக்களின் பெயரில் கதைத் தொடர் ஆரம்பித்தவர். சியோ மொன்மா என்ற கணக்கு டீச்சரோடு ஏறக்குறைய ஐம்பது வருஷம் வாழ்ந்தார், 1973இல் சாகும்வரை. கல்யாணத்துக்குச் சட்டத்தில் வழியில்லை. 1957இல் கிட்டத்தட்டச் சம வயதுள்ள அந்தப் பெண்ணைத் தத்து எடுத்துக்கொண்டார். கதையில் அக்கா தங்கை, பதிவேட்டில் அம்மா மகள். இதில் எந்தச் சொல்லை நம்புவீர்கள்?

உங்கள் அறைத்தோழிக்கும் ஒன்று இருக்கிறது. ‘வெறும்’ தோழி என்கிறாரே, அந்த வெறும் எங்கிருந்து வந்தது? ரயிலில் பக்கத்து இருக்கையில் ஆரம்பித்து, 707ஆம் எண் வீட்டில் ஸ்ட்ராபெர்ரி படம் போட்ட இரண்டு தம்ளரோடு வளர்ந்ததில் வெறுமை எங்கே இருக்கிறது? காதல் என்றால் கனம், சிநேகிதம் என்றால் காலி டப்பா என்ற கணக்கை நீங்கள் இருவருமே வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் இரண்டு மாதமாகச் சண்டை.

தாளில் இருப்பதைப் பாருங்கள். ஹாச்சி, அதாவது நானா கொமாட்சு, கதை முழுக்க ‘ஏய், நானா’ என்று கூப்பிட்டுத்தான் நடந்ததையெல்லாம் சொல்கிறாள். கணவன் டகுமியிடம் சொல்லவில்லை. நம்மிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஹாச்சி என்றால் ஜப்பானியத்தில் எட்டு. நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை விளி. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

என் அத்தை யாரையும் ‘ஏட்டி’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் எல்லார் வாயிலும் வரும் சொல், அத்தை வாயில் மட்டும் வராது. அம்மாவைப் பெயர் சொல்வாள், எங்களைக் கண்ணு என்பாள். ஒரே ஒருத்திக்குத்தான் ஏட்டி. ஆசிரியப் பயிற்சிக் காலத்து ஹாஸ்டல் சிநேகிதி. ஒவ்வொரு மே மாதமும் வந்து பத்து நாள் இருப்பார். எங்கள் வீட்டில் அவருக்கு மே மாச டீச்சர் என்றே பெயர். இரண்டு பேரும் மொட்டைமாடி நிழலில் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு, வருஷத்துக்கான புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைப்பார்கள். பேச்சே இருக்காது. அரைமணிக்கு ஒருதரம் ஒருவர் ‘ஏட்டி’ என்பார். மற்றவர் ‘ம்’ என்பார். அதற்கு மேல் ஒன்றும் வராது.

கல்லூரியில் நாலு புத்தகம் படித்த திமிரில் ஒருநாள் கேட்டேன், “அத்தை, அந்த டீச்சர் உங்களுக்கு யாரு?” அத்தை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அந்தப் புளியில கொட்டை இருக்கு பாரு” என்றாள்.

பார்த்தேன். இருந்தது.

பிறகு ஒரு மே மாதம் டீச்சர் வரவில்லை. மகன் வீட்டில் படுக்கையில் இருப்பதாகக் கார்டு வந்தது. புளி வந்து மூட்டையோடு மாடிப்படியில் கிடந்தது. அம்மா இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள். அத்தை சரி சரி என்றாள், உட்காரவில்லை. மழைக்கு முன்னால் அப்பா அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்த வருஷம் கடையில் கொட்டை எடுத்த புளி வாங்கினோம்.