எண்பது விநாடி

அன்புள்ள சார்,

பிபிசியின் காலப்பயணத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் முதல் பகுதி, கென்னடி சுடப்பட்ட செய்தியால் பத்து நிமிடம் தாமதமானது, அதனால் அதை யாருமே பார்க்கவில்லை என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் ஒளிபரப்பே ரத்தானதாகப் படித்தேன். நீங்கள் மான்செஸ்டரில் சில வருடங்கள் இருந்தவர், பழைய பிரிட்டிஷ் டிவி பற்றி அவ்வப்போது எழுதுபவர். எது உண்மை? அன்றைய சாயங்காலம் எப்படித்தான் இருந்திருக்கும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இரண்டும் இல்லை. தாமதம் எண்பது விநாடி. 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை 5.15க்கு வரவேண்டியது 5.16 தாண்டி வந்தது. ஒரு டம்ளர் காபியை ஆற்றுகிற நேரம்கூட இல்லை. பார்த்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். கூட்டம் குறைவுதான், ஆனால் யாருமே பார்க்கவில்லை என்பது கதை.

பெரிய குளறுபடி நடந்தது முந்தைய நாள். கென்னடி சுடப்பட்ட செய்தி வந்தபோது பிரிட்டனில் வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணி. பிபிசியின் பெரிய தலைகள் பலரும் டார்செஸ்டர் ஓட்டலில் ஒரு விருது விருந்தில் இருந்தார்கள். மரணச் செய்தியைச் சொன்னார்கள், சற்று நேரம் பிபிசியின் பூகோளச் சின்னத்தை மட்டும் காட்டினார்கள், அப்புறம் ஹாரி வொர்த்தின் நகைச்சுவை நிகழ்ச்சியைப் போட்டுவிட்டார்கள். பட்டியலில் அதுதானே இருந்தது! போன் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள் ஜனங்கள்.

சனிக்கிழமை வேறு மாதிரி. அதை என் வீட்டுக்கார அம்மா சொல்லித்தான் கேட்க வேண்டும். மான்செஸ்டரில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். 1963-இல் அவருக்குப் பதினோரு வயது. அந்த வீட்டில் சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்பது அப்பாவின் நேரம். 'கிராண்ட்ஸ்டாண்ட்' விளையாட்டு நிகழ்ச்சியின் கடைசியில் கால்பந்து முடிவுகள் வரும். டெலிபிரிண்டர் என்ற தந்தி அச்சு இயந்திரம் எழுத்தெழுத்தாகத் தட்டும்: முதலில் ஒரு அணியின் பெயர், அதன் கோல் கணக்கு, கொஞ்சம் இழுத்தடித்து மற்ற அணி. அப்பா மடியில் பூல்ஸ் கூப்பன், காதில் பென்சில். எந்தெந்த ஆட்டம் டிராவில் முடியும் என்று ஊகித்துப் பணம் கட்டும் சூதாட்டம் அது, நாட்டில் பாதி வீடுகளில் ஆடினார்கள். அந்தச் சில நிமிடங்கள் யாரும் இருமக்கூடாதாம்.

'டாக்டர் ஹூ' பிறந்ததே அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு இடத்தை நிரப்பத்தான். விளையாட்டு முடிந்ததும் அப்பாக்கள் எழுந்துவிடுவார்கள், பாட்டுகளுக்கு மார்க் போடும் 'ஜூக் பாக்ஸ் ஜூரி'க்குப் பதின்வயதுக்காரர்கள் வந்து உட்காருவார்கள். நடுவில் யாரும் எழுந்து போகாமல் இருக்க ஒன்று வேண்டும் என்று நினைத்தார் நாடகத்துறைத் தலைவர் சிட்னி நியூமன். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27 வயது. இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அவரைவிட இளையவர். லைம் குரோவ் ஸ்டுடியோவின் நெருக்கடியான தளத்தில் செப்டம்பரில் எடுத்ததை நியூமன் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. கால இயந்திரத்தின் கதவு மூடமாட்டேன் என்று ஆடிக்கொண்டே இருக்கும். நடிகர்கள் பாவம், அதைப் பார்க்காத மாதிரி வசனம் பேசுவார்கள். அக்டோபரில் மறுபடி எடுத்ததுதான் ஒளிபரப்பானது.

தொடக்க இசையைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்டு ரான் கிரைனர் போட்டது. அதை அந்த வினோத ஒலியாக ஆக்கியவர் பிபிசி ஊழியர் டெலியா டெர்பிஷர். மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சின்தசைசர் புழக்கத்துக்கு வராத காலம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிந்து, ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார். பாதி உரிமையை அவருக்குக் கொடுக்கலாம் என்றார் கிரைனர். பிபிசி விதி அனுமதிக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த மாலையில் மிஞ்சியது முதலில் இந்த இசை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஆனால் அன்றிரவு பெரியவர்கள் பேசிக்கொண்டது டாக்டரைப் பற்றி அல்ல. ராத்திரி வரும் 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' என்ற கிண்டல் நிகழ்ச்சி பிரதமரிலிருந்து பாதிரியார் வரை யாரையும் விட்டுவைக்காது. அதைத் தொகுத்து வழங்கிய டேவிட் ஃப்ராஸ்ட்டின் குழுவினர் அந்த வாரத்து நகைச்சுவையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே நாளில் கென்னடிக்கு அஞ்சலி தயாரித்தார்கள். வழக்கத்தைவிட மிகவும் சின்னது, சுமார் இருபது நிமிடம். கென்னடிக்காகவே எழுதிய பாட்டை மில்லிசென்ட் மார்ட்டின் பாடினார். மறுநாளே அமெரிக்காவில் என்பிசி அதை ஒளிபரப்பியது. வாயாடி ஒருவன் திடீரென்று குரல் தாழ்த்திப் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

சரி, பத்து நிமிடக் கதை எங்கிருந்து வந்தது? அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 30, முதல் பகுதியை மறுபடி போட்டு, உடனே இரண்டாம் பகுதியையும் காட்டினார்கள். முதல் நாளே பார்த்தேன் என்கிற பலர் உண்மையில் பார்த்தது இதைத்தான் என்பது என் சந்தேகம். மறு ஒளிபரப்புக்குக் காரணம் தேடும்போது எண்பது விநாடி தானாகவே வீங்கிவிட்டது.

எங்கள் வீட்டுக்கார அம்மாவும் பத்து நிமிடம் என்றுதான் சத்தியம் செய்தார். கிண்டிக் கேட்டேன். அவர்களுடையது வாடகை டிவி. பின்னால் காசு போடும் டப்பா உண்டு, ஷில்லிங் தீர்ந்தால் படம் பொட்டென்று போய்விடும். அன்று கால்பந்து முடிந்த கையோடு காசும் தீர்ந்தது. அவருடைய அம்மாவின் பர்ஸிலும் ஷில்லிங் இல்லை, பக்கத்து வீட்டில் போய் வாங்கி வருவதற்குள் பள்ளிக்கூடக் காட்சி முடிந்து பழைய சாமான் கிடங்கு வந்துவிட்டதாம். "அப்படியானால் தாமதம் பிபிசியிலா, உங்கள் வீட்டிலா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்பாவுக்கும் அந்த வாரம் பூல்ஸில் ஒன்றும் விழவில்லை என்று சொல்லிவிட்டு கெட்டிலைப் போட எழுந்து போனார்.