சிறுநீரில் சர்க்கரை போகட்டும். சஷ்டி விரதத்தைப் பற்றிப் பேசுவோம்

சிறுநீரில் சர்க்கரை போகிறதே, சிறுநீரகம் கெட்டுவிட்டதா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிறுநீரகம் கெட்டுப்போகவில்லை. பரிசோதனையில் 'சர்க்கரை நாலு பிளஸ்' என்று வந்திருப்பது, நீங்கள் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதோடு ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோஸும் இறங்கிவிடும். அதைத் திரும்ப இரத்தத்தில் சேர்க்க, நுண்குழாய்ச் செல்களின் சவ்வில் எஸ்ஜிஎல்டி2 என்று ஒரு புரதம் பதிந்திருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் சோடியத்தை இன்னொரு பம்ப் ஓயாமல் வெளியேற்றுவதால், குழாயில் வரும் சோடியம் உள்ளே பாயப் பார்க்கும். இந்தப் புரதம் அதைத் தனியாக விடாது. ஒரு சோடியம் நுழைந்தால் கூடவே ஒரு குளுக்கோஸும் நுழைய வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரை இப்படித்தான் மீள்கிறது. உங்கள் மாத்திரை இந்த வழியைத்தான் அடைக்கிறது. பிறவியிலேயே இந்தப் புரதம் சரியாக அமையாதவர்களும் இருக்கிறார்கள். ஆயுள் முழுக்கச் சிறுநீரில் சர்க்கரை போகும், பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது.

இரண்டு கிலோ குறைந்தது, அடிக்கடி சிறுநீர் போவது, இரண்டும் எதிர்பார்த்ததே. சிறுநீரில் நுரை வருவது? அறிக்கையில் புரதம் இல்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் 0.9, சரியான அளவுதான். விட்டுவிடுங்கள். ஆனால் யூடியூபைப் பார்த்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறீர்களே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள்.

எனக்குப் பயம் தந்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரி. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரும் ஒரு வேளை பாலும் மட்டும் என்கிறீர்கள். இந்த மாத்திரையோடு அது கூடவே கூடாது. சாப்பாடு இல்லை, இருக்கும் சர்க்கரையும் சிறுநீரில் போகிறது. இன்சுலின் சுரப்பு தணியும். உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்படி எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேரும். இதில் ஆபத்து என்னவென்றால், குளுக்கோமீட்டர் 160 என்று சாதாரணமாகக் காட்டும். 'சுகர் நன்றாகத்தானே இருக்கிறது, பசி மயக்கமாக இருக்கும்' என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள்.

விரதம் இருந்தே ஆக வேண்டும் என்றால், தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பாவது இந்த மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். அதையும் நீங்களாகச் செய்யாமல், உங்கள் மருத்துவரை இந்த வாரமே பார்த்து முடிவு செய்யுங்கள். நிறுத்திய பிறகும் சில நாள் மருந்தின் வேகம் உடம்பில் இருக்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, ஓடாமலே மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் மீட்டர் எண்ணைப் பார்க்காதீர்கள். அப்போதே மருத்துவமனைக்குப் போய், மாத்திரை அட்டையைக் காட்டி, இரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையை இப்போதே சட்டைப்பையில் போட்டு வையுங்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.