துப்பாக்கி இருந்தும் ஏன் அடிக்கவில்லை?

கேள்வி: மிசோரம் காட்டில் ராணுவப் பயிற்சியில் இருக்கிறான் என் தம்பி. இரவில் பதுங்கித் தாக்கும் பயிற்சிக்காகத் தரையில் படுத்திருந்தபோது அவன் கால் மேல் ஒரு பாம்பு ஊர்ந்து போயிருக்கிறது. அசையாமல் கிடந்ததற்காகப் பயிற்சியாளர் பாராட்டினாராம். கையில் துப்பாக்கி இருந்தும் அடிக்காமல் விட்டது வீரமா? பயிற்சி நடக்கும் இடத்தில் பாம்புகளை முன்கூட்டியே ஒழித்துவிட்டால் என்ன?
(வாசகர் ஒருவர், தேனி)

பதில்: வீரம்தான். உங்கள் தம்பியை நீங்களும் பாராட்டுங்கள்.

மனிதனைத் தேடி வந்து கடிக்கும் பாம்பு கிடையாது. மிதிபட்டால், பிடிபட்டால், தப்ப வழியில்லை என்று உணர்ந்தால்தான் கடிக்கிறது. அசையாத கால் அதற்கு ஒரு மரக்கட்டை. அதே கால் உதறியிருந்தால் கடி விழுந்திருக்கும். அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் நம் ஊர்களிலேயே ஏராளம். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கிறீர்கள். இருட்டில், தன் கால் மேலேயே கிடக்கும் உயிரை எந்த வீரனாவது சுடுவானா? சுற்றிலும் தோழர்கள் படுத்திருக்கிறார்கள்.

ஒழித்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவே மாட்டேன். மிசோரமின் வைரெங்டேயில் உள்ள காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளி, வீரன் காட்டோடு பழக வேண்டும் என்பதற்காகவே காட்டில் நடக்கிறது. நாளை எல்லையில் அவன் பதுங்கும் புதரை யார் முன்னால் போய்ச் சுத்தம் செய்து கொடுப்பார்கள்? மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சீருடைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். தாய்லாந்தில் 1982 முதல் நடக்கும் 'கோப்ரா கோல்டு' கூட்டுப் பயிற்சியில், வீரர்கள் நாகத்தின் ரத்தத்தைக் குடிக்கும் படங்கள் ஆண்டுதோறும் உலகம் சுற்றின. அதில் எனக்கு ஒரு வீரமும் தெரியவில்லை. பிடித்து வைத்த பாம்பின் தலையை வெட்டுவதற்குத் துணிச்சல் எதற்கு?

நீங்கள் கோபப்பட வேண்டிய விஷயம் வேறு. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது. அந்த விஷத்தின் பெரும்பகுதி, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பிடிக்கும் பாம்புகளிலிருந்து எடுக்கப்படுகிறது. 1978-ல் சங்கம் தொடங்கி அவர்கள் செய்துவரும் இந்த வேலையால் உயிர் பிழைத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் வடகிழக்குக் காடுகளில் இருப்பவை வேறு பாம்புகள். அங்குள்ள பச்சை நிறக் குழிவிரியன்கள் அந்த நான்கில் சேராதவை. அங்குள்ள ஒற்றை வட்டப் படம் கொண்ட நாகத்தின் விஷத்துக்கு எதிராக நம் மருந்து பலவீனமாகவே வேலை செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வடகிழக்குப் பாம்புகளுக்கென்று தனி மருந்து தயாரிப்பதை இவ்வளவு காலம் தள்ளிப்போட்டது பெருங்குற்றம். வீரனுக்கு மட்டுமல்ல, அங்கே வயலில் இறங்கும் விவசாயிக்கும் அது உயிர்ப் பிரச்சினை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். அதனால்தான் இவ்வளவு மெத்தனம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2030-க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைப்போம் என்று 2024-ல் மத்திய அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. மருந்து மாறாமல் அது எப்படி நடக்கும்?

தம்பியிடம் பேசும்போது சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்து தூங்கும்போது தரையில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, பல் தடமும் தெரியாது; விடியற்காலை வயிற்று வலியோடு எழுந்து, இமை தாழ்ந்து, மூச்சுத் திணறும்போதுதான் தெரியவரும். பூட்ஸை உதறிவிட்டுப் போட வேண்டும். கடிபட்டால் இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, நேரே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.