8503 நிபந்தனை இருந்தால் ஆஸ்திரேலிய விசாவை நீட்டிக்கலாமா?

கேள்வி: தங்கையின் ஸ்பான்சரில் அம்மா பெர்த் போயிருக்கிறார். பேரன் பிறந்திருப்பதால் இன்னும் 2 மாதம் இருக்க ஆசைப்படுகிறார். விசா கடிதத்தில் 8503 என்று இருக்கிறது. நீட்டிக்க வழியுண்டா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இந்தக் காரணத்துக்கு வழியில்லை. 'மேற்கொண்டு தங்கக் கூடாது' என்ற நிபந்தனைதான் 8503. 600 எனப்படும் வருகையாளர் விசாவில் குடும்ப ஸ்பான்சர் பிரிவென்றால் அது கட்டாயம் ஒட்டிக்கொண்டு வரும். ஆஸ்திரேலியாவில் இருந்தபடியே இன்னொரு சுற்றுலா விசாவுக்கு மனுப் போட்டால், அது செல்லாத மனு. மனு முடிவாகும் வரை தங்கவிடும் தற்காலிக 'பிரிட்ஜிங்' விசாவும் வராது. "மனுப் போட்டாச்சே" என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்க 1447 பாரம் உண்டு. விசா கிடைத்த பிறகு, அவர் கையை மீறி, நிலைமை பெரிதாக மாறியிருக்க வேண்டும். விமானம் ஏற முடியாத உடல்நிலை என்று டாக்டர் கடிதம் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். பேரன் பாசம் அங்கே எடுபடாது. விலக்கே கிடைத்தாலும் அது நீட்டிப்பு ஆகாது. பழைய விசா முடியுமுன் புது விசாவுக்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும்.

விசா முடியும் தேதியை ஏஜெண்டிடம் கேட்க வேண்டாம். விசா விவரம் பார்க்க ஆஸ்திரேலிய அரசு வைத்திருக்கும் விவோ (VEVO) இணையப் பக்கத்தில் விசா எண், கடப்பிதழ் எண், பிறந்த தேதியைத் தட்டினால் தெரியும். காலாவதியாகி 28 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 ஆண்டுத் தடை வரலாம். தங்கை பிணைத்தொகை கட்டியிருந்தால் அதுவும் போகும்.