அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு விலங்குக் காப்பகங்களில் பணியாற்ற விரும்புபவர்களுக்குத் தனி ஸ்காலர்ஷிப் உண்டா? எப்படி விண்ணப்பிப்பது?

உண்டு. ஆனால் 'ஷெல்டர் மெடிசின்', அதாவது காப்பக மருத்துவம், என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் சொற்பமே கிடைக்கும். துறையே இளசு: காப்பகக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் தொடங்கியது 2001-இல், தனிச் சிறப்புத் துறை என்ற அங்கீகாரம் வந்தது 2014-இல்.

முதலில் உங்கள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போங்கள். நன்கொடையாளர் நிறுவிய தொகைகளில் 'காப்பக விலங்குகள்', 'பூனை நலம்', 'சமூக சேவை' என்ற நிபந்தனைகளோடு இருப்பவை எவை என்று கேளுங்கள். பொது விண்ணப்பத்தில் ஆர்வத் துறை கேட்கும் இடத்தைக் காலியாக விட்டால் பரிசீலனைக்கே உங்கள் பெயர் வராமல் போகலாம். கலிஃபோர்னியா (டேவிஸ்), ஃபுளோரிடா, கார்னெல் பல்கலைக்கழகங்களில் காப்பக மருத்துவத்துக்கென்றே பிரிவுகள் உள்ளன. அங்கே எக்ஸ்டெர்ன்ஷிப் (வேறு இடத்தில் பெறும் குறுகிய காலச் செய்முறைப் பயிற்சி) போக நினைத்தால் பயணம், தங்குமிடத்துக்கு உதவி உண்டா என்று தேதி குறிப்பதற்கு முன்பே விசாரியுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கட்டுரையில்தான். 'சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் உயிர்' என்று எல்லோரும் எழுதுவார்கள். பார்வோ என்ற வேகமாகத் தொற்றும் வைரஸ் நோய் வந்த ஒரு நாய்க்குச் சிகிச்சை கொடுப்பது பொது மருத்துவம். அதே கூடத்தில் இருக்கும் மற்ற 60 நாய்களை என்ன செய்வது என்பது காப்பக மருத்துவம். அந்தப் பார்வை உங்களுக்கு இருப்பது கட்டுரையில் தெரிய வேண்டும். ஓர் எளிய கணக்கு: நாளுக்கு 10 விலங்குகள் வந்து, சராசரியாக 20 நாள் தங்கினால் எந்நேரமும் 200 விலங்குகள் இருக்கும். தங்கும் நாளை 15 ஆகக் குறைத்தால் 150 விலங்குகள்தான் இருக்கும். ஒரு கூண்டுகூடக் கட்டாமல் நெரிசல் குறைகிறது, தொற்றும் குறைகிறது. நீங்கள் தன்னார்வலராக இருந்த காப்பகத்தில் விலங்குகள் சீக்கிரம் வெளியேற எது தடையாக இருந்தது, வந்தவுடனே தடுப்பூசி போட்டார்களா, மறுநாள்தானா என்று குறிப்பாக எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பேராசிரியரிடம் கேட்பதைவிட, உங்களோடு கருத்தடை முகாமில் நின்ற மருத்துவரிடம் கேளுங்கள். நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள், கட்டுரை வரைவையும் கூடவே அனுப்புங்கள்.

பணம் கிடைத்த பிறகும் கவனம் தேவை. வெளியிலிருந்து வரும் தொகையைக் கல்லூரிக்குத் தெரிவித்தாக வேண்டும். மொத்த உதவி படிப்புச் செலவைத் தாண்டினால் எதையாவது குறைப்பார்கள். மானியத்தைத் தொடாமல் கடனைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்காலர்ஷிப் பணம் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போனால் வருமான வரி இல்லை. வாடகை, சாப்பாட்டுக்குப் போனால் வரி உண்டு. 'இத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும், தவறினால் கடனாக மாறும்' என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிய தொகை பொதுச் சேவைக் கடன் தள்ளுபடியில் இருக்கிறது. லாப நோக்கற்ற காப்பகத்திலோ நகராட்சிக் காப்பகத்திலோ வாரம் 30 மணி நேரமாவது வேலை செய்து, தகுதியான 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கூட்டரசுக் கடன் ரத்து. வட்டி குறைகிறதே என்று தனியார் வங்கிக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு அத்தோடு போய்விடும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டரசுக் கடனே கிடையாது. தனியார் ஸ்காலர்ஷிப் சிலவும் குடியுரிமை கேட்கும். எனவே விசாவில் இருப்பவர்கள், கட்டுரை எழுதத் தொடங்கும் முன் தகுதி விதியைப் படித்துவிடுவது நல்லது.