வீட்டில் குவியும் அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் என்னென்ன செய்யலாம்?

முதலில் கையில் இருப்பது எந்தப் பெட்டி என்று பாருங்கள். ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் தெரிந்துவிடும். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே ஒரு நெளிதாள் இருந்தால் 3 ப்ளை. ஆன்லைனில் வரும் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் இதுதான். இரண்டு நெளிதாள் இருந்தால் 5 ப்ளை. வாஷிங் மெஷின், டிவி போன்ற கனமான சாமான்கள் அதில்தான் வரும். நெளிதாளே இல்லாத ஸ்வீட் பெட்டியும் சட்டைப் பெட்டியும் இழுப்பறைக்குள் தடுப்பு வைக்கத்தான் உதவும், பாரம் தாங்காது.

அடுத்தது நெளிவின் திசை. நெளிவு மேலிருந்து கீழாக ஓடும்படி நிறுத்தினால் பெட்டி தாங்கும். அதையே பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் நசுங்கும். பாரத்தின் பெரும்பகுதி நான்கு மூலைகளில்தான் இறங்குகிறது. அதனால் மூலைக்கு மேல் மூலை வருமாறு அடுக்க வேண்டும். செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் வெறும் நடுப்பகுதியில் உட்கார்ந்து அதைக் குழியாக்கிவிடும். மூன்றாவது ஈரம். தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை, ஐப்பசி மழையில் காற்றில் இருக்கும் ஈரமே அட்டையைத் தளர்த்தப் போதும்.

இந்த மூன்றும் தெரிந்தால் கொலுப்படி கட்டிவிடலாம். 40 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம் உள்ள ஒரே அளவுப் பெட்டிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவு கலந்தால் படி கோணும். மூன்று படிக்கு முன்வரிசையில் ஒன்று, நடுவில் இரண்டு, பின்னால் மூன்று என ஒரு நிரைக்கு 6 பெட்டி. அகலவாக்கில் நான்கு நிரை வைத்தால் மொத்தம் 24 பெட்டி, கொலு 160 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழம். பலரும் பெட்டிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கிறார்கள். அது பாரம் தாங்காது. பெட்டியின் உள்ளுயரத்துக்குச் சரியாக இரண்டு அட்டைத் துண்டுகளை வெட்டி, இரண்டிலும் பாதிவரை வெட்டுக் கொடுத்து, கூட்டல் குறிபோல் ஒன்றில் ஒன்றைச் செருகி உள்ளே நிறுத்துங்கள். இதிலும் நெளிவு செங்குத்தாக இருக்க வேண்டும். பெட்டியின் நடுவில் தூண் கிடைத்த மாதிரி. பிறகு மூடி டேப் ஒட்டி, ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு மெல்லிய பிளைவுட் பலகை, அதற்கு மேல் வேட்டி. கனமான மண் பொம்மைகள் கீழ்ப்படிக்குப் போகட்டும். கலசத்தை மேல்படியில் வைப்பவர்கள் அடியில் தட்டு வைக்க மறக்க வேண்டாம். சொட்டும் தண்ணீர் மூன்று அடுக்கையும் இளக்கிவிடும். குத்துவிளக்கு தரையில், துணியிலிருந்து தள்ளியே இருக்கட்டும். ஐந்து படிக்கு இதே கணக்கில் 60 பெட்டி ஆகும். அதற்குப் பேசாமல் இரும்புப் படியே வாங்கிவிடலாம்.

கோழிக்குஞ்சு வளர்க்க அட்டைப்பெட்டியைவிட மலிவான இடம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கு முதல் வாரம் 60 × 45 செ.மீ. அடிப்பரப்பும் 45 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி போதும். அடியில் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் 5 செ.மீ. உமி. வெறும் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி, குஞ்சுகளுக்குக் கால் அகன்றுபோகும். வெப்பத்துக்கு 60 வாட் குண்டு பல்பு வேண்டும். எல்இடி பல்பைப் போட்டுவிட்டுக் குஞ்சு ஏன் சாகிறது என்று கேட்பவர்கள் நிறைய; அது வெளிச்சம் தரும், அந்த அளவுக்குச் சூடு தராது. முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளே சொல்லும்: பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பரவலாகத் திரிந்தால் சரி. பெட்டியின் நான்கு மூலைகளிலும் அட்டைப் பட்டையை வளைத்து ஒட்டி வளைவாக்குங்கள். இரவில் குஞ்சுகள் மூலையில் நெருக்கியடித்து அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாவது இதனால்தான் குறையும். தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள். காற்றுத் துளைகள் மேல்விளிம்பை ஒட்டி இருக்கட்டும். பல்பைப் பெட்டியில் செருகித் தொங்கவிடாதீர்கள். மேலே குறுக்குக் கம்பி போட்டு, அதில் கம்பியால் கட்டி, அட்டையிலும் உமியிலும் படாத உயரத்தில் தொங்கவிடுங்கள். தீ விபத்துக்கு இந்த ஒரு தவறு போதும். பத்து நாளில் குஞ்சுகளுக்கு இடம் போதாது. அடி நனைந்த பெட்டியை மாற்றும் சாக்கில் பெரிதாகவும் மாற்றிவிடுங்கள்.

கேஸ் மிச்சம் பிடிக்கும் சூட்டுப்பெட்டி பலருக்குத் தெரியாதது. பாத்திரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி இருக்கும் 5 ப்ளை பெட்டி ஒன்று வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் வைக்கோல், கசக்கிய செய்தித்தாள் அல்லது பழைய பருத்தித் துணியை நிரப்பிப் பாத்திரத்துக்குக் குழி விடுங்கள். ஊறவைத்த பச்சரிசியை நன்றாக மூடும் பாத்திரத்தில் தளதளவென்று 5 நிமிடம் கொதிக்கவிட்டு, கொதி அடங்கும் முன் பெட்டிக்குள் இறக்கி, மேலே ஒரு தலையணையை அமுக்கி மூடிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சோறு வெந்திருக்கும். ஊறிய துவரம்பருப்புக்குப் பத்து நிமிடக் கொதியும் ஒன்றரை மணி நேரமும் வையுங்கள். ஆவி வெளியேறாததால் வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவாக ஊற்ற வேண்டும். இரண்டு விஷயங்களில்தான் தவறு நடக்கிறது. ஒன்று, அரை ஆழாக்கு அரிசியை வைத்துப் பார்ப்பது. அளவு குறைந்தால் சூடு நிற்காது. பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். இன்னொன்று, ஆவி படிந்து வைக்கோல் ஈரமாவது. ஈரமான வைக்கோல் சூட்டைப் பிடித்து வைக்காது. பாத்திரத்தைத் துண்டில் சுற்றி வைத்து, பிறகு எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்துங்கள். சோற்றை அப்படியே இரவு முழுக்க விடாதீர்கள்; வெதுவெதுப்பில் கிருமி பெருகும்.

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஃப்ரிட்ஜ் பெட்டியைப் போடாமல் வைத்திருங்கள். 2027 ஆகஸ்ட் 2 மாலையில் இந்தியாவிலும் பகுதி சூரிய கிரகணம் தெரியும். பெட்டியின் ஒரு முனையில் சின்னச் சதுரம் வெட்டி அலுமினியத் தாள் ஒட்டி, குண்டூசியால் ஒரு துளை. எதிர்முனையின் உட்புறம் வெள்ளைத்தாள். வெள்ளைத்தாளுக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் பார்க்க ஒரு ஜன்னல். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியாக விழும் பிம்பத்தை மட்டும் பார்க்க வேண்டும். துளைக்குள் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. பெட்டியின் நீளம்தான் இங்கே முக்கியம்: ஒரு மீட்டர் நீளத்துக்குச் சூரிய பிம்பம் ஏறக்குறைய 9 மி.மீ. செருப்புப் பெட்டியில் செய்தால் 3 மி.மீ. புள்ளிதான் விழும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். துளையைப் பெரிதாக்கினால் பிம்பம் பெரிதாகாது, விளிம்பு கலங்கித் தெளிவுதான் குறையும்.

வேலைக்கான சில குறிப்புகள். கட்டரால் ஒரே இழுப்பில் வெட்டாதீர்கள், நெளிவு நசுங்கும்; ஸ்டீல் ஸ்கேல் வைத்து மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். மடிக்க வேண்டிய கோட்டை ஸ்பூன் காம்பால் அழுத்தினால் மடிப்பு நேராக வரும். பிரவுன் டேப் வெயிலில் உரிந்துவிடும், நிலையாக இருக்க வேண்டியதை பெவிகாலால் ஒட்டுங்கள். மைதாப் பசை மலிவுதான், ஆனால் கரப்பானுக்கு விருந்து. அதற்காக மயில்துத்தம் கலப்பவர்கள் உண்டு. அது விஷம், குழந்தைகள் விளையாடும் பொருளுக்கு வேண்டாம்.

உரக்குழிக்கும் அட்டை நல்லது. டேப்பையும் லேபிளையும் உரித்து, உள்ளங்கை அளவு கிழித்து, நனைத்து, சமையலறைக் கழிவு ஒரு பங்குக்கு அட்டையும் சருகுமாக இரண்டு பங்கு போடுங்கள். நாற்றம் வந்தால் அட்டையைக் கூட்டுங்கள், மக்காமல் கிடந்தால் பச்சைக் கழிவைக் கூட்டுங்கள். பளபளக்கும் அட்டை வேண்டாம்.

களை வராமல் இருக்கத் தோட்டத்தில் அட்டையை விரித்து நனைக்கும் முறையை வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். குளிர்நாட்டுக்கு அது சரி. நம் செம்மண்ணில் ஈர அட்டை கரையானுக்கு அழைப்பிதழ். வாசற்காலுக்கோ மரச்சாமானுக்கோ பக்கத்தில் செய்யவே செய்யாதீர்கள். செய்வதானால் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி. அதேபோல் பட்டுப்புடவை, பழைய புத்தகம், ஆல்பம் எதையும் வருஷக்கணக்கில் அட்டைப்பெட்டியில் வைத்திருக்க வேண்டாம். நெளிவுகளுக்குள் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் முட்டை வைக்கும். மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்த பெட்டியை உள்ளே கொண்டுவரும் முன் ஒரு நாள் வெயிலில் போட்டுத் தட்டிவிடுங்கள்.

எண்ணெய் பிடித்த பீட்சா பெட்டியைப் பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள். அதைக் கிழித்து உரக்குழியில் போட்டுவிடலாம்.