திசு மைக்ரோஅரே என்றால் என்ன? நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் அது எதற்கு?

அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை மெழுகில் பதித்துப் பல ஆண்டுகள் பாதுகாப்பார்கள். அவை ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைத் துண்டை எடுத்து, ஒரே மெழுகுப் பாளத்தில் வரிசையாக நட்டுவைப்பதுதான் திசு மைக்ரோஅரே. அரிசிக் கடையில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி விட்டு அரிசி பார்ப்பார்களே, அதே வேலைதான்.

ஒரு ஜீன் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கட்டிகளில் எந்த அளவுக்கு வெளிப்படுகிறது (அதாவது, அதன் விளைபொருளான புரதம் எவ்வளவு உருவாகிறது) என்று அறிய, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சாயமேற்றினால் நிறம் தகட்டுக்குத் தகடு மாறும். எதை எதோடு ஒப்பிடுவது? இங்கே பாளத்தை மெல்லிய சீவலாக வெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரே நேரத்தில் சாயமேற்றுகிறார்கள். டிடிஎஃப்-1 புரதத்தைத் தேடும் சாயத்தில், அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகையின் செல் உட்கருக்கள் பெரும்பாலும் பழுப்பாகத் தெரியும். பக்கத்து வட்டத்தில் ஸ்குவாமஸ் என்ற இன்னொரு வகை இருந்தால் அது பொதுவாக நீலமாகவே நிற்கும். அழகான காட்சி, ஆனால் ஒரு சிக்கல்: நுரையீரல் கட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஒரே கட்டியில் 2, 3 இடங்களில் துண்டெடுப்பது வழக்கம்.

பெயரை வைத்து இதை டிஎன்ஏ சிப் என்று நினைக்கிறவர்கள் நிறைய: அது ஒரு மாதிரியில் ஆயிரக்கணக்கான ஜீன்களைப் பார்க்கும், இது நூற்றுக்கணக்கான மாதிரிகளில் ஒரு ஜீனின் விளைபொருளைப் பார்க்கும்.